கரிசல் வாய் மூடுவதற்கு முன்

1

இந்தக் கதை முதலில் வேறொரு நாட்டில் நடப்பதாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. கணினித் திரையில் சேவலைச் சற்று இடப்பக்கம் நகர்த்துவேன், கப்பலுக்குக் கூடுதலாகச் சிவப்பு கொடுப்பேன். போக வர குளத்தூர்ப் பேருந்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். உறைந்த ஆற்றின் மேல் எப்படி நடக்க வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். வைப்பாற்றில் கடைசியாக எப்போது தண்ணீர் ஓடியது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே தங்கம் தேடுகிறவர்களைப் பற்றி எழுத ஆசை வந்தபோது, நேராக ஒரு பனிமலையின் அடிவாரத்துக்குப் போய்விட்டேன். முதல் தொடக்கம் இது:

மலை உருகிக்கொண்டிருந்தது. கிழவன் தன் இரும்புத் தட்டை ஆற்றில் அமிழ்த்தி, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தபோது, அதன் அடியில்

அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மணலுக்குள் தங்கம் எப்படிக் கிடக்கும்? மின்னுமா? தண்ணீர் அதை முதலில் அடித்துக்கொண்டு போகுமா, கடைசியிலா? இரண்டாவது தொடக்கம் இன்னும் மோசம்:

பனி

அவ்வளவுதான். பனியைப் பற்றி ஒரு சொல்லுக்கு மேல் எனக்கு ஓடவில்லை. (இதை அழிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தச் சொல்லை வெறித்துப் பார்த்துக்கொண்டு எட்டயபுரம் வரை போயிருக்கிறேன், அதற்கான மரியாதை.)

2

இன்னொரு நாள், எட்டயபுரத்துக்கு முன்பே என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு சாக்கு மூட்டை. சின்னதுதான், ஆனால் கனம். பேருந்து குலுங்கும்போதெல்லாம் அதைக் கைக்குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டார். கீழே வைக்கலாமே, மாவுதானே என்று கேட்டுவிட்டேன்.

“மாவா இருந்தா மேல தூக்கிப் போட்டுட்டு நான் உறங்கிருக்க மாட்டேனா? தங்கம்ட்டி இது.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோவில்பட்டியில் ஒரு பழைய நகைப் பட்டறையை இடிக்கிறார்களாம். ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து அரத்தால் ராவிய இடம். ராவும்போது பறக்கிற பொடி தரைக்குள் இறங்கியிருக்கும். அந்தத் தரையைப் பெயர்த்து விற்கிறார்கள். அதை வாங்கி அரித்தெடுப்பது இவர் குடும்பத்தின் தொழில்.

“தரையவா வெலைக்கு வாங்கினீங்க?”

“தரை, வாசல்ல கெடந்த மிதியடி, கை கழுவுத தொட்டியில தங்குன சகதி, எல்லாந்தான். அவிய தல வாரும்போது விழுத பேனைக்கூட விடுததில்ல நாங்க. அதுலயும் ஒரு மினுக்கு ஒட்டிருக்கும்.”

விளாத்திகுளம் வருவதற்கு முன்னால், ஒரு பாலத்தடியில் இறங்கிக்கொண்டார். மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் நடந்தார். இருபுறமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது.

இந்தக் கதையில் நிஜம் அவ்வளவுதான். அவர் பெயர் எனக்குத் தெரியாது. சீனித்தாய் என்று நான் வைத்தேன். பேருந்தில் இருந்தவரை அவர். கதைக்குள் வந்தபிறகு அவள். அது மரியாதைக் குறைவில்லை, கதைக்குள் எல்லாரும் கொஞ்சம் கிட்டத்தில் வந்துவிடுகிறார்கள்.

3

அன்று நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

யோசித்துப் பாருங்கள். பூமியில் இருக்கும் தங்கம் பூமியில் உண்டானதில்லை என்கிறார்கள். எங்கோ நட்சத்திரங்கள் செத்தும் மோதியும் சிதறியபோது பிறந்து, இந்த உருண்டை திரண்ட காலத்தில் இதற்குள் வந்து சேர்ந்ததாம். அத்தனை தொலைவு வந்த ஒரு பொருள், ஓர் ஆசாரியின் அரத்திலிருந்து தெறித்து, மிதியடி நாருக்குள் ஒளிந்து, கடைசியில் சாக்கில் ஏறி என் முழங்கைக்குப் பக்கத்தில் பயணச்சீட்டு எடுத்து உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் படித்தேன். பெரிய சுரங்கங்களில் ஒரு டன் பாறையைப் பொடித்தால் பெரும்பாலும் சில கிராம் தங்கம்தான் கிடைக்கும். ஒரு கல்யாண மோதிரத்துக்குப் பின்னால் லாரி லாரியாகக் கல் இருக்கிறது. அந்தக் கல்மாவைச் சயனைடு கலந்த நீரில் ஊறவைத்துத் தங்கத்தைக் கறந்தபிறகு, மிச்சம் அங்கேயே மலையாகக் குவிகிறது. கோலாரில் சுரங்கத்தை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த மணல் மேடுகள் இன்னும் நிற்கின்றன, காற்றடித்தால் எழும்புகின்றன. ஒரு விரலில் மோதிரம், ஓர் ஊரின் மேல் மலை.

அதோடு ஒப்பிட்டால் சீனித்தாயின் சுரங்கம் எவ்வளவு சாது! ஒரு மலையை உடைக்கவில்லை. ஒரு காட்டை வெட்டவில்லை. ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட தங்கம் வீணாகாமல் திரும்ப எடுக்கிறாள். அவள் எடுக்கும் ஒவ்வொரு பொடிக்கும் எங்கோ ஒரு பாறை தப்பிக்கிறது. இப்படியே அவளைப் புகழ்ந்து நிறையப் பக்கங்கள் எழுதினேன். முடிவில் அவள் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போடாத குறை.

பிறகு, அரித்த மண்ணிலிருந்து தங்கத்தைத் தனியே பிரிப்பது எப்படி என்று தேடினேன். பாதரசம் என்று இருந்தது. அந்தப் பக்கங்களை எல்லாம் தூக்கிப் போட்டேன்.

4

சீனித்தாயின் வீட்டுக் கொல்லையை எழுதுகிறேன். எல்லாம் நானே கட்டியதுதான்.

ஒரு சிமெண்டுத் தொட்டி. தரை மண்ணை முதலில் எரிப்பாள், நாரும் மயிரும் சாம்பலாகட்டும் என்று. அதை இடித்துச் சலித்து, காந்தத்தை ஓட்டி இரும்புத்தூளை எடுத்துவிட்டு, அகலத் தட்டில் தண்ணீர் விட்டு அரிப்பாள். எடை குறைந்ததெல்லாம் தண்ணீரோடு வழியும். கனத்தது அடியில் தங்கும். (பனிமலைக் கிழவனின் தட்டில் என்ன இருந்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். அவன் காத்திருக்கட்டும்.) அடியில் தங்கியதில் பாதரசத்தை விட்டுக் கையால் பிசைவாள்.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பாதரசம் மண்ணைத் தொடாது, மணலைத் தொடாது, கண்ணாடித்தூளைத் தொடாது. தங்கம் எங்கே இருந்தாலும் தேடிப் போய்த் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அந்த இருட்டுச் சகதிக்குள் அதற்கு எப்படித் தெரிகிறது?

பிசைந்ததைத் துணியில் கட்டிப் பிழிந்தால் வெள்ளையாக ஓர் உருண்டை மிஞ்சும். அந்த உருண்டையை அடுப்பில் வைத்து எரிப்பது அவள் புருஷன் சுந்தரபாண்டி. பாதரசம் ஆவியாகிப் போய்விடும். பஞ்சுபோன்ற தங்கம் நிற்கும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. தேநீர் டம்ளரைப் பிடிக்கும்போது சுந்தரபாண்டிக்குக் கை நடுங்குகிறது. மூட்டை தூக்கியதால் என்று சொல்லிக்கொள்கிறான்.

அப்புறம் இந்த வாக்கியத்தை எழுதினேன்:

அரித்து மிஞ்சிய சகதியையும் பிழிந்த துணிகளையும் சுந்தரபாண்டி வாளியில் எடுத்துப்போய், கொல்லையை ஒட்டியிருந்த கோமதியம்மாளின் நிலத்து வெடிப்புகளில் ஊற்றினான்.

ஒரே வாக்கியம். எழுதி முடித்ததும்தான் உறைத்தது: நான் ஒருத்தருடைய நிலத்தில் பாதரசத்தைக் கொட்டிவிட்டேன். உடனே அழித்தேன். அழித்தால், சகதி எங்கே போயிற்று என்ற கேள்வி கொல்லையில் வந்து நிற்கிறது. தெருவில் என்று எழுதிப் பார்த்தேன், கோழிகள் வந்து கொத்தின. ஓடையில் என்று எழுதினேன், ஆடுகள் வந்து குடித்தன. எங்கே எழுதினாலும் அது எங்கோ இருந்தது. கடைசியில் பழைய வாக்கியத்தையே திரும்ப எழுதினேன்.

* கரிசல் பக்கம் வராதவர்களுக்கு: கோடையில் எங்கள் மண் பாளம் பாளமாக வெடிக்கும். சில வெடிப்புகளில் கையை விட்டால் தோள் வரை போகும். உடைந்த பாட்டில், பழைய பிளேடு, காலில் குத்தக்கூடிய எதுவானாலும் அதற்குள் போடுவது இங்கே வழக்கம். மழை பெய்தால் மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதன்பிறகு யார் காலிலும் படாது. சுந்தரபாண்டி நல்ல எண்ணத்தில்தான் ஊற்றினான். விஷம் என்று தெரிந்ததால்தான் அத்தனை ஆழத்தில் ஊற்றினான்.

 ஆனால் கரிசல் எதையும் புதைத்து வைத்துக்கொள்வதில்லை. கோடையில் மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுகிறது. மழையில் அடிமண் ஊதி, இடம் போதாமல் மேலே தள்ளுகிறது. ஆண்டுக்கு ஆண்டு இப்படி மேல் கீழாகப் புரண்டு, ஏர் இல்லாமல், மாடு இல்லாமல், அது தன்னைத்தானே உழுதுகொள்கிறது. நான் பிறந்ததிலிருந்து இந்த மண்ணின் மேல்தான் நடந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. கைபேசியில் அதைப் படித்த அன்று, பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது, தூங்குகிற ஒரு பெரிய விலங்கின் முதுகில் நடப்பதுபோல் மெல்ல மெல்ல நடந்தேன்.

5

ஆவணிக் கடைசி. புரட்டாசி விதைப்புக்காகக் கோமதியம்மாள் டிராக்டர் விட்டு உழுதாள். நிலத்தின் எல்லையான பொழி ஓரம் எப்போதும் உழவு படாத பட்டை ஒன்று கிடக்கும். டிராக்டர் திரும்பும்போது கலப்பைக் கொழு அந்தப் பட்டையைச் சற்றே கீறியது, ஒரு துணி மாட்டிக்கொண்டு வந்தது. கோமதியம்மாள் அதை உருவி எடுத்து உதறினாள். உள்ளங்கையில் ஒரு வெள்ளி மணி உருண்டது. அவ்வளவு அழகான ஒன்றை அவள் நிலம் இதுவரை அவளுக்குக் கொடுத்ததில்லை. விரலால் தொட்டாள், இரண்டானது. மறுபடி தொட்டாள், ஒன்றானது. விளையாடிக்கொண்டே நின்றாள்.

பிறகு கையைப் பார்த்தாள். கல்யாண மோதிரம் வெள்ளையாகியிருந்தது.

சீனித்தாயிடம்தான் வந்தாள். முறைக்கு மதினி, அண்டை வீடு, நகை விவரம் தெரிந்தவள் என்று அந்தத் தெருவில் வேறு யாரும் கிடையாது. மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள்.

“ஏ சீனி, இது என்ன எழவுன்னு பாரு. வெளுத்துப் போச்சு. எங்க அப்பன் பித்தளைக்கு முலாம் பூசி என்னைத் தள்ளி விட்டுட்டாரு போலிருக்கு. இத்தன வருசமா மாமியா வீட்டுல நானு தங்கம் தங்கம்னு நீட்டி நீட்டிப் பேசிருக்கேன். செத்துப் போனவர என்ன சொல்ல.”

சீனித்தாய் மோதிரத்தை வாங்கினாள். பார்க்கவே தேவையில்லை.

[இங்கே நிறுத்துகிறேன். நான் உருவாக்கிய பெண்ணைப் பார்த்து முதன்முதலாகப் பயந்தது இங்கேதான். அவளால் ஒரு நிமிடத்தில் தப்பிக்க முடியும். “குடுங்க மதினி, சுட்டுத் தாரேன்” என்று மோதிரத்தை அடுப்பில் காட்டினால் போதும். பாதரசம் பறந்துவிடும், மஞ்சள் திரும்பிவிடும். கோமதியம்மாள் வாழ்த்திவிட்டுப் போவாள். இல்லாவிட்டால், “ஆமா மதினி, முலாந்தான்” என்றுகூடச் சொல்லலாம். செத்த மனிதர் வந்து மறுக்கப் போவதில்லை. அவளை நான் எந்தப் பக்கமும் தள்ளவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.]

“ஒங்க அப்பா நல்ல தங்கந்தான் போட்டுருக்காவ, மதினி.”

“அப்ப இது?”

“ஒங்க காட்டுல கெடந்தது எங்க துணி.”

மிச்சத்தையும் சொன்னாள். பாதரசம், பிழிந்த துணி, வாளி, வெடிப்பு. கோமதியம்மாள் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள். பிறகு சேலையையும் பார்த்தாள். எங்கெங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டாள். பொழி ஓரம் பூராவும் என்று பதில் வந்தது. எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. அவள் நிலம் கண்மாய்ப் பக்கம் சரிந்து கிடக்கிறது. பெய்கிற மழை முழுவதும் அங்கேதான் ஓடும். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடித்து, வீட்டுக்கு வீடு குழம்பு வைக்கும்.

* பாதரசம் சேற்றுக்குள் கிடந்தால் அங்கிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதை வேறொன்றாக மாற்றுகின்றன. அது புழுவுக்குள் போய், சின்ன மீனுக்குள் போய், பெரிய மீனுக்குள் போய், போகப் போகக் கூடுகிறது. கடைசி மீன் நாம்தான்.

6

சுந்தரபாண்டியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வரைவில் அவனுக்கு முறுக்கு மீசை வைத்து, ஓர் அதட்டல் குரலும் கொடுத்திருந்தேன். சுலபமாக இருந்தது. விஷம் ஊற்றியவன் கெட்டவன், வாசகர்கள் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அவன் நடுங்குகிற கையை எழுதியதும் மீசை பொருந்தவில்லை. எடுத்துவிட்டேன். இப்போது அவன் ஓர் ஒல்லியான ஆள். ஆடுகள் குடித்துவிடுமோ என்று பயந்து சகதியை ஆழத்தில் ஊற்றியவன். எரிக்கும்போது சீனித்தாயைத் தெருப்பக்கம் போய் உட்காரச் சொல்லுகிறவன். தான் மட்டும் அடுப்போரம் இருந்தவன்.

அவனுக்கும் அவளுக்கும் நடந்த பேச்சை இரண்டுவிதமாக எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதில் பெரிய சண்டை. தட்டு பறக்கிறது. நீக்கிவிட்டேன், அவர்கள் தட்டில் தங்கம் இருக்கிறது, எறியமாட்டார்கள்.

இரண்டாவது:

“சொல்லிட்டியாக்கும்.”

“சொல்லிட்டேன்.”

“ஒரு மழ பெஞ்சா அதுவே வாய மூடிக்கிடும். ஒனக்குத்தான் மூட முடியல.”

“மூடுத மண்ணா இருந்தா துணி எப்படி மேல வந்துச்சு?”

அவன் டம்ளரை எடுக்கப் போனான். பாதியில் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டான். நடுங்குவதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று. அவள் டம்ளரை எடுத்து அவன் கையில் வைத்து, தன் கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். அவன் குடித்தான்.

“நம்மள ஊர விட்டு விரட்டுவாக, சீனி.”

“விரட்டட்டும். ஊத்துனத அள்ளிட்டுப் போவோம்.”

7

முடிவுகள். நான் எழுதிப் பார்த்தவை.

முதல் முடிவில் சுந்தரபாண்டி இறந்துபோகிறான். கண்மாயில் மீன்கள் செத்து மிதக்கின்றன, கரையில் சீனித்தாய் தலைவிரி கோலமாக நிற்கிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, அது எனக்கே பிடித்திருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு நன்றாக எழுதியிருக்கிறோம் என்று மகிழ்வது என்ன பிழைப்பு? பாதரசம் இப்படி மேளம் கொட்டிக்கொண்டு வருவதுமில்லை. நீக்கினேன்.

இரண்டாவது முடிவில் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஒரு முகாம். வெள்ளைத் திரை, மைக். ஓர் அதிகாரி பேசுகிறார்: உருண்டையைத் திறந்த அடுப்பில் எரிக்காதீர்கள், மூடிய இரும்புப் பானையில் எரியுங்கள், கூடுமானால் பாதரசமே வேண்டாம், அரித்த பொடியோடு வெங்காரம் என்ற உப்பைச் சேர்த்து மூசை என்னும் உருக்குக் கிண்ணத்தில் போட்டு ஊதினால் தங்கம் உருகித் தானே அடியில் திரளும், கழிவை மண்ணில் விடாமல் தார்ப்பாய் விரித்த தொட்டியில் தேக்குங்கள், பெரிய சுரங்கங்களும் சயனைடை முறித்துவிட்டுத்தான் கழிவைத் தேக்க வேண்டும், அடியில் கசியாத விரிப்பு போட வேண்டும், தோண்டிய குழியை நிரப்ப வேண்டும், எல்லாவற்றையும்விட, பெட்டியில் கிடக்கும் பழைய தங்கத்தை உருக்கிப் போட்டுக்கொண்டால் தோண்டுவது குறையும். எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் கூட்டம் முடிந்ததும் கூடம் காலியாகிவிடுகிறது, நாற்காலிகளை அடுக்குகிறார்கள், வெடிப்புகளில் சகதி அப்படியே கிடக்கிறது. முடிவை நீக்கினேன். ஆனால் பானையை மட்டும் அதிலிருந்து திருடிக்கொண்டேன்.

திருடிய பானையைக் கோவில்பட்டியில் ஒரு லேத்துப் பட்டறையில் இறக்கினேன். தீப்பெட்டி இயந்திரங்களுக்கு உருளை கடைந்து கொடுக்கும் சண்முகராஜ் அங்கே இருக்கிறான். சுந்தரபாண்டி தானே போய்க் கேட்டான்: மூடி இறுக்கமாக உட்காருகிற ஒரு பானை, மூடியிலிருந்து ஒரு வளைந்த குழாய். சாராயம் காய்ச்சவா அண்ணாச்சி என்று சண்முகராஜ் கேட்டான். அதைவிடப் போதை, தங்கம் காய்ச்ச என்றான் சுந்தரபாண்டி. அவன் இந்தக் கதையில் சொன்ன ஒரே ஜோக் அதுதான்.

கோமதியம்மாளின் மோதிரத்தைத்தான் முதலில் அதற்குள் போட்டார்கள், வீட்டில் எரிக்காமல் மிஞ்சியிருந்த ஓர் உருண்டையோடு சேர்த்து. பானை தீயில் சிவந்தது. குழாயின் நுனி ஈரத்துணி சுற்றி வாளித் தண்ணீருக்கு மேல் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மணி விழுந்தது. அப்புறம் இன்னொன்று. தண்ணீருக்கடியில் அவை ஓடிப்போய் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. இத்தனை காலமும் காற்றில் போய்விட்டது, தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்திருந்த ஒன்று, இதோ, போன வழியே திரும்பி வருகிறது.

சுந்தரபாண்டி வாளிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். இவ்வளவையும் நானா குடித்தேன் என்று கேட்டான். மோதிரம் ஆறியபின் கோமதியம்மாள் அதை விரலில் போட்டுக்கொண்டாள். பழைய பளபளப்பு இல்லை, ஆனால் மஞ்சள்தான்.

பானை இனிமேல் எரிவதற்குத்தான். ஏற்கெனவே ஊற்றியதற்கு யாரிடமும் பானை இல்லை.

8

கோமதியம்மாள் மறுநாள் காலையில் வந்தாள். தோளில் கடப்பாரை.

“எங்கிட்ட ரெண்டு இருக்கு. ஒன்னு பாண்டி எடுத்துக்கிடட்டும். அவன் கையி நடுங்குதுன்னா நடுங்கிக்கிட்டே குத்தட்டும், எனக்கென்ன.”

பொழியோரப் பட்டையில் இந்த ஆண்டு விதைப்பில்லை என்று தீர்மானித்துவிட்டாள். ஊருக்குச் சொல்வாளா என்று சீனித்தாய் கேட்டாள். முதலில் அள்ளு, பிறகு நானே சொல்லுதேன், நீயும் கூட வந்து நில்லு என்று பதில் வந்தது.

கைகளில் உரச்சாக்கின் உள்பையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் துணி சுற்றிக்கொண்டு, மூன்று பேரும் இறங்கினார்கள். வேலை எளிது: வெடிப்பை ஒட்டி மண்ணைப் பெயர்த்துப் பிளந்தால், கன்னங்கரேலென்ற மண்ணுக்குள் சகதி இறங்கிய தடம் தெரியும். காய்ந்து சாம்பல் நிறக் கோடாக, மின்னல் மாதிரிக் கிளை பிரிந்து பிரிந்து இறங்கும். அந்தக் கோட்டை மட்டும் சுரண்டி எடுத்து மூடிபோட்ட பிளாஸ்டிக் பீப்பாயில் போட வேண்டும். சில இடங்களில் கோட்டின் நுனியில் ஒரு வெள்ளி மணி இருக்கும். மூன்று பேருமே ஒரு கணம் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பார்கள். வெறுக்க வேண்டிய ஒன்று இவ்வளவு அழகாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

(அந்தப் பீப்பாய் எங்கே போகும்? நியாயமான கேள்வி. ஆபத்தான கழிவை வாங்கிப் பக்குவப்படுத்தும் கூடங்கள் உண்டு, தொலைவில் உண்டு. அதுவரை சீனித்தாயின் வீட்டில், அவள் கண் முன்னால் இருக்கும். இந்தக் கதையில் ஒன்றும் மறைந்துபோகாது என்பதை இதற்குள் நீங்களும் கண்டுகொண்டிருப்பீர்கள்.)

எல்லாவற்றையும் அள்ளிவிட முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன். அள்ள முடிந்ததை அள்ளுவதற்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது: முதல் மழை. ஒரு நல்ல மழை போதும். கரிசல் தண்ணீரைக் குடித்து ஊதும். வெடிப்பு ஒவ்வொன்றாக உதடு சேரும். மிச்சமிருக்கும் சகதியை மண் தன் வயிற்றுக்குள் இழுத்துப் பிசைய ஆரம்பித்துவிடும். அதன்பிறகு எது எங்கே என்று எந்தக் கடப்பாரைக்கும் தெரியாது.

என்னுடைய சங்கடம் இதுதான். கோமதியம்மாளின் மீதி நிலம் விதைக்குக் காத்திருக்கிறது. ஊரில் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மானாவாரிக் காட்டில் நின்றுகொண்டு மழையே, கொஞ்சம் பொறு என்று கேட்பதைப்போல ஒரு பாவம் கிடையாது. கோமதியம்மாள் அதைக் கேட்கவில்லை. சீனித்தாய்க்குக் கேட்க வாய் வரவில்லை. தெற்கே மேகம் இறங்கிவிட்டது, அதை நான் எழுதிவிட்டேன். தடுக்க முடியவில்லை, புரட்டாசி பிறந்துவிட்டது. காற்றில் எங்கோ பெய்த மழையின் மண்வாசம்.

மூன்றாவது முடிவின் முதல் வாக்கியம் என் தாளில் இப்படி நிற்கிறது:

முதல் துளி கோமதியம்மாளின்

கையிலா, கடப்பாரையிலா, கன்னத்திலா? பல நாட்களாக அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. பனியைப் பற்றி எழுத முடியாமல் நின்றேனே, அதுபோல் இல்லை இது. மழையைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். எழுத ஆரம்பித்தால் நிற்காமல் எழுதுவேன். அதனால்தான் எழுதவில்லை. நான் அந்த வாக்கியத்தை முடிக்காதவரை அங்கே காய்ந்துதான் கிடக்கும். அதுவரை அவர்கள் அள்ளலாம்.

ஆனால் என்னால் எப்போதைக்குமாக மழையைப் பிடித்து வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதை முடிக்கிற வேலையை உங்களிடம் கொடுக்கிறேன். இந்தப் பக்கத்தை மூடியதும் நீங்கள் அதை முடித்துவிடுவீர்கள், வாசகர்கள் அப்படித்தான், மேகம் என்று எழுதியிருந்தால் மழையை மனதுக்குள் பெய்யவிட்டுவிடுவார்கள். பெய்யட்டும். காடு விளைய வேண்டும். கொஞ்சம் மெதுவாக மட்டும் மூடுங்கள்.

இப்போது வெளிச்சம் மங்கலாக இருக்கிறது. சுந்தரபாண்டி பீப்பாயைச் சாய்த்துப் பிடித்திருக்கிறான். கோமதியம்மாள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மேகத்தைப் பார்க்கிறாள். முகத்தில் ஆசையா பயமா என்று என்னால் எழுத முடியவில்லை. சீனித்தாய் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, ஒரு வெடிப்புக்குள் தோள் வரை கையை விட்டிருக்கிறாள். கன்னம் கரிசலில் அழுந்தியிருக்கிறது. உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது என்கிறாள். விரல் நுனியால் துழாவுகிறாள்.

போதும் எழுந்திரு, தூறல் விழப் போகுது என்கிறாள் கோமதியம்மாள்.

“இருங்க மதினி. இங்கன இன்னும் இருக்கு.”